இசைத்தட்டும் தபாலட்டையும்

பாடியவர்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. பாட்டியற்றியவர்களின் வரலாறும் ஓரளவுக்கேனும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பாட்டைக் கேட்டவர்களின் வரலாற்றை எழுத முன்வருவோர் அரியர். கேட்டவர்கள் கோடிக்கணக்கானோர், அவர்களுக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டு, அந்த அபிப்பிராயத்தை அவர்கள் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்டார்கள், அதற்காக வாதாடினார்கள், சண்டையிட்டார்கள், காசு செலவழித்துக் கடிதமும் எழுதினார்கள். இவற்றையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது நமது பண்டிதர்களின் வழக்கம். பண்டிதர்கள் தள்ளிவிட்ட இடத்திலேதான் மக்களின் வரலாறு பெரும்பாலும் கிடக்கிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மருதானைக்கும் பொரளைக்கும் அண்மையில், பேஸ்லைன் வீதியை ஒட்டிக் கிடக்கும் தெமட்டகொடை, கொழும்பு மாநகரின் எழிலைக் காட்டும் படங்களில் இடம்பெறுவதில்லை. புகையிரத எஞ்சின்கள் வந்து தங்கிச் செல்லும் கொட்டகையும், அதன் கரிப்புகையும், தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த ஒழுங்கைகளும் தோட்டங்களுமே அப்பகுதியின் பழைய அடையாளங்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் என்று பலரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்ந்த இடம் அது. அத்தகைய இடத்தில் ஒரு வீட்டில் ஒலிக்கும் பாட்டு ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது. பலகைச் சுவரைக் கடந்து பத்து வீட்டுக்கும் அது கேட்கும். கேட்டபின், பத்து வீட்டாரும் அதைப் பற்றி ஏதேனும் சொல்லத்தான் செய்வார்கள். நமது விசாரணையை இங்கிருந்தே தொடங்குவோம்.

தாமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலியைப் பதிவுசெய்யும் கருவியை அமைத்தார். பத்தாண்டுகளின் பின் எமிலி பெர்லினர் தட்டையான இசைத்தட்டை உருவாக்கினார். 1902ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பனியார் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவுசெய்தனர். இவை தொழில்நுட்ப வரலாற்றின் செய்திகள் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. அதுவரையில் சங்கீதம் கேட்க வேண்டுமாயின் அரண்மனைக்கோ, ஆலயத்துக்கோ, மிராசுதார் வீட்டுக் கலியாணத்துக்கோ, சபாவுக்கோ போக வேண்டும். அங்கே யார் உட்காரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதைச் சாதியும் செல்வமும் தீர்மானித்தன. வெளியே நின்றவன் தலையாட்டலாம். அவனுடைய கருத்தை எவரும் கேட்கமாட்டார்கள். இசைத்தட்டு இந்த வாசலை உடைத்தது. அரக்கிலே வார்த்த அந்தக் கறுப்புத் தட்டுக்குத் தன்னைக் கேட்பவன் யாரென்று தெரியாது. சாவி கொடுத்து ஊசியை வைத்தவன் எவனாயினும் அது பாடிற்று.

அந்தத் தட்டு நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுக்கே இடமிருந்தது. மணிக்கணக்கில் விரிந்த இராக ஆலாபனை மூன்று நிமிடத்துக்குள் ஒடுங்க நேர்ந்தது. இதைக் கண்டு வருந்தியோர் உண்டு. ஆயினும், மூன்று நிமிடத்துக்குள் அடங்கிய பாட்டை ஒருவன் திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஒரு பாட்டை மற்றொன்றோடு ஒப்பிடலாம். இன்று கேட்டதையே நாளையும் கேட்டுத் தன் கருத்தைச் சரிபார்க்கலாம். கச்சேரியில் ஒருமுறை கேட்டு மறைந்துபோகும் ஒலிக்கு இந்த வசதி இல்லை. இசையைப் பற்றிப் பாமர மனிதன் நிதானமாக அபிப்பிராயம் சொல்வதற்கான முதற்சாதனம் இவ்வாறு உண்டாயிற்று. நீண்ட இசையைப் பல தட்டுகளாகப் பிரித்து, படங்களை ஒட்டிவைக்கும் புத்தகம் போன்ற உறைத்தொகுதியில் இட்டு விற்றார்கள். அதனாலேயே அதற்கு ஆல்பம் என்று பெயர் வந்தது. 1948ஆம் ஆண்டில் நீண்ட நேரம் ஓடும் தட்டு வெளிவந்து, ஒரு தட்டே அத்தொகுதி முழுவதையும் ஏந்தியபோதும் அப்பெயர் நிலைத்துவிட்டது.

கொழும்புக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து இங்கே மேடையேறின. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் இலங்கை மேடையில் சேர்ந்து நடித்தவர்களே. அவர்களுடைய குரல் தட்டிலேறியபோது, நாடகக் கொட்டகைக்கு ஒருநாள் போயிருந்தவன் அந்த இரவை வீட்டிலிருந்தே மீட்டுக்கொண்டான். மருதானையில் 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் சிங்கள நூர்த்தி நாடகங்கள் நடந்தன. அவற்றின் இசை, இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களிடமிருந்து ஊக்கம் பெற்றது. அந்நாடகப் பாடல்களும் தட்டுகளாயின. தெமட்டகொடைக்காரனுக்கு டவர் மண்டபம் நடந்துபோகும் தூரம். ஆகவே, ஒரே ஒழுங்கையில் நூர்த்தித் தட்டும் கிட்டப்பாவின் தட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்திருக்குமென்பதில் வியப்பில்லை.

இசைத்தட்டைப் பற்றிய அபிப்பிராயம் அச்சிலும் ஏறத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் காம்டன் மக்கன்சி என்னும் எழுத்தாளர் 1923ஆம் ஆண்டில் கிராமபோன் தட்டுகளின் விமர்சனத்துக்கென்றே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். பிரான்சில் 1932ஆம் ஆண்டில் ஜாஸ் இசைப்பிரியர்கள் சங்கம் அமைத்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளைக் கூடியிருந்து கேட்டு விவாதித்தார்கள். தமிழில் கல்கி, கர்நாடகம் என்ற புனைபெயரில் இசையையும் திரைப்படத்தையும் எள்ளலோடு விமர்சித்து, வாசகர்களுக்கு அவ்விஷயத்தில் ஒரு ருசியை ஏற்படுத்தினார். 1940களில் எழுந்த தமிழிசை இயக்கம், கேட்பவனுக்குப் புரியும் மொழியிலே பாட வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்தது. அக்கோரிக்கையின் வேர், கேட்பவனுக்கும் உரிமை உண்டு என்ற எண்ணமே.

ஆனால் இவை யாவும் எழுதப் படித்தவர்களின் பக்கங்கள். எஞ்சின் கொட்டகையில் கரி அள்ளியவனுக்கு அங்கே பக்கம் இல்லை. அவனுடைய விமர்சன மன்றம் சலூனும் தேநீர்க்கடையும் தான். தியாகராஜ பாகவதரா, பி. யு. சின்னப்பாவா என்ற வழக்கு ஒரு தலைமுறை முழுவதும் தமிழ்ச் சலூன்களில் தீர்ப்பின்றி நடந்தது. முகத்தில் பாதிச் சவரத்தோடு எழுந்து நின்று வாதாடியவர்களும் உண்டு. பின்னாளில் அது ஏ. எம். ராஜாவா, டி. எம். சௌந்தரராஜனா என்று மாறிற்று. பெயர்கள் மாறினவேயன்றி வழக்கு மாறவில்லை. இவ்வழக்கில் கலந்துகொண்டவர்கள் இராகப் பெயர் அறியாதவர்களாக இருக்கலாம். ஆனால் குரல் எங்கே தளர்ந்தது, சொல் எங்கே சிதைந்தது, மூச்சு எங்கே நின்றது என்பதை அவர்கள் துல்லியமாகச் சொன்னார்கள். அதை விமர்சனம் என்று ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம் ஏன்?

இந்தச் சலூன் விமர்சனத்தை நாடறியச் செய்தது வானொலி. 1920களின் முற்பகுதியில் கொழும்பு மத்திய தந்திக் கந்தோரின் சிறிய அறையொன்றிலிருந்து எட்வர்ட் ஹார்ப்பரும் அவருடைய துணைவரும் பரீட்சார்த்தமாக அனுப்பிய முதல் ஒலி, கிராமபோன் இசையே. 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் திகதி ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காக இங்கு நிறுவப்பட்ட பலம்மிக்க ஒலிபரப்பு நிலையம், போர் முடிந்தபின் இலங்கையின் கைக்கு வந்தது. ஏகாதிபத்தியம் தன் தேவைக்காகப் போட்ட பாதையில் பிறகு மக்கள் நடப்பது வரலாற்றில் புதிதன்று. புகையிரதமும் அப்படித்தான் வந்தது. 1949ஆம் ஆண்டில் ரேடியோ சிலோன் தனித் திணைக்களமாயிற்று. 1950ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று.

இதே சமயத்தில் இந்தியாவில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. 1952ஆம் ஆண்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ருசியைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதைச் சுருக்கினார். மக்களுக்கு எது நல்லதென்று மக்களைக் கேளாமலே முடிவுசெய்யும் மேட்டுக்குடி மனோபாவம் அது. மக்கள் மறுமொழி பேசவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்து விமானத்தில் அனுப்பிய பினாக்கா கீத்மாலா என்னும் நிகழ்ச்சி, கொழும்பிலிருந்து துணைக்கண்டம் முழுவதும் ஒலித்தது. எந்தப் பாட்டு முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்தியதில் தட்டு விற்பனைக்கும் நேயர்களின் கருத்துக்கும் பங்கிருந்தது. ஊர்தோறும் நேயர் சங்கங்கள் தோன்றின. இன்று ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா என்னும் சிறு ஊர், பாட்டுக் கேட்டுக் கடிதம் எழுதியதாலேயே இந்தியா எங்கும் பெயர் பெற்றது. ஐந்தாண்டு கழித்து, 1957ஆம் ஆண்டு அக்டோபரில், இந்திய அரசு விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்கு மறுபடியும் கதவு திறந்தது. தபாலட்டைகள் ஓர் அமைச்சின் கொள்கையை வென்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

தமிழ் வர்த்தக சேவை தமிழகத்தின் கரைகளையும் தாண்டிச் சென்றது. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் பெயர், இராமநாதபுரத்துக் கிராமத்திலும் திருநெல்வேலித் தேநீர்க்கடையிலும் வீட்டுப் பெயர்போல் வழங்கிற்று. ஒலிபரப்பு ஒரு கலை என்பதை உணர்ந்து சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்று தமிழில் ஒரு நூலே எழுதினார். நேயர் விருப்பம், நீங்கள் கேட்டவை, பொங்கும் பூம்புனல், பிறந்தநாள் வாழ்த்து என்னும் பெயர்கள் இரண்டு நாட்டுத் தமிழரின் நாட்பொழுதைப் பங்கிட்டன.

இந்த நிகழ்ச்சிகளில் பாட்டுக்கு முன்னால் ஒரு பட்டியல் வரும். இந்த ஊரிலிருந்து இன்னார், அந்தத் தோட்டத்திலிருந்து இன்னார், அவருடைய தம்பி தங்கையர் என்று அது நீளும். பாட்டைக் கேட்கவே பொறுமையில்லாதவர்கள் அப்பட்டியலைக் கேலிசெய்வதுண்டு. ஆனால் அப்பட்டியலின் பொருள் யாது? அதில் பட்டம் இல்லை, பதவி இல்லை, சாதிப்பெயர் இல்லை. டாக்டரின் மகளும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் கொழுந்து பறிப்பவளும் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டு வந்த தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்கையும் பறித்தது. வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றப்பட்ட மக்களின் பெயர், அந்த அரசின் வானொலியிலேயே, அவர்களுக்குப் பிடித்த பாட்டோடு சேர்த்து நாடறிய வாசிக்கப்பட்டது. குடியுரிமைக்கு இது ஈடாகுமா? ஆகாது, ஒருபோதும் ஆகாது. ஆயினும் தன் விருப்பத்தைக் கேட்பார் எவருமில்லாத ஒரு மனிதன், சில சதக் காசுக்கு ஒரு தபாலட்டை வாங்கித் தன் விருப்பத்தை எழுதினான், அது மதிக்கப்பட்டது. அவன் ஏன் திரும்பத் திரும்ப எழுதினான் என்பது இப்போது விளங்கும்.

இத்தோடு நின்றுவிட்டால் நாம் அரைகுறை உண்மையையே சொன்னவராவோம். நேயரின் விருப்பம் என்பது முற்றிலும் நேயருடையதாக இருந்ததா? பினாக்கா என்பது ஒரு பற்பசையின் பெயர். பாட்டுக்கு இடையே சவர்க்காரமும் தைலமும் விற்கப்பட்டன. வர்த்தக நிறுவனம் காசு கொடுத்தது கலைக்காக அன்று. கேட்கும் காதுகளின் எண்ணிக்கைக்காக. இசைத்தட்டுக் களஞ்சியத்தில் உள்ள பாட்டையே நேயன் கேட்க முடியும். அக்களஞ்சியத்தையோ இந்தியத் திரைப்பட முதலாளிகளின் உற்பத்தி நிரப்பிற்று. ஈழத்துப் பாடகன் தன் பாட்டைத் தட்டிலேற்ற வழியின்றி நின்றான். தட்டு இல்லாத பாட்டுக்கு எவரும் விருப்பம் தெரிவிக்க முடியாது அல்லவா? கடையில் இருப்பதிலேயே தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சுதந்திரம் என்று மயங்குதல் தவறு.

இக்காரணத்தால் நமது முற்போக்காளர் சிலர் சினிமாப் பாட்டு முழுவதையும் நச்சென்று ஒதுக்கினர். பண்டிதர்களும் அதையே வேறொரு காரணத்தால் ஒதுக்கினர். இரு சாராரும் கேட்பவனை வெறும் பாத்திரமாக, ஊற்றியதை ஏந்துபவனாக எண்ணினார்கள். அனுபவம் அதற்கு மாறாக இருந்தது. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் முதலிய இளைஞர்கள், நம் ஊர்ப் பேச்சுமொழியிலே, கித்தாரை மீட்டி, பைலாவின் தாளத்தில் பாடத் தொடங்கினார்கள். பின்னர் ஏ. ஈ. மனோகரன் அதே பாதையில் இரு நாட்டிலும் புகழ்பெற்றார். துள்ளிசை என்றும் பொப்பிசை என்றும் பெயர்பெற்ற இப்பாடல்களைப் பெரியோர் பலர் மதிக்கவில்லை. மக்கள் மதித்தார்கள். சின்ன மாமியையும் சுராங்கனியையும் அறியாத தமிழ் வீடு அரிதாயிற்று. கிடைத்தபோது, கேட்பவன் தன் மண்ணின் குரலையும் தேர்ந்தெடுத்தான். கிடைக்கச் செய்யாதது அவனுடைய குற்றமன்று.

இன்னொரு செய்தியையும் இங்கே நினைவுகூர வேண்டும். முதலாவது சிங்களப் பேசும்படம் 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம், இசையமைத்தவர் நாராயண ஐயர். அதில் நடித்துப் பாடிய ருக்மணி தேவி, கொழும்புச் செட்டிக் குடும்பத்திற் பிறந்து, டெய்சி டேனியல்ஸ் என்ற இயற்பெயருடன் வளர்ந்தவர். பௌத்த பக்திப் பாடல்களால் சிங்கள மக்களின் நெஞ்சில் இடம்பெற்ற மொகிதீன் பேக், சேலத்தில் பிறந்த முஸ்லிம். நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி சிங்களத் திரையிசையின் முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவரானார். அரசியல்வாதிகள் மொழியால் மதில் எழுப்பிய காலத்தில், இசைத்தட்டு அம்மதிலின் இரு பக்கமும் சுழன்றது. தெமட்டகொடைச் சலூனில் மொகிதீன் பேக்கைப் பற்றித் தமிழனும், தமிழ்ப் படப்பாட்டைப் பற்றிச் சிங்களவனும் கருத்துச் சொல்ல எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இசை மட்டும் ஒரு நாட்டைக் காப்பாற்றிவிடாது. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. 1958இல் இரத்தம் சிந்திற்று. 1983ஆம் ஆண்டு ஜூலை 24ஆந் திகதி இரவு பொரளையில் மூண்ட தீ, தெமட்டகொடைக்கும் மருதானைக்கும் கிராண்ட்பாஸுக்கும், மறுநாள் வெள்ளவத்தை முதலிய இடங்களுக்கும் பரவிற்று. மனித உயிர்கள் பறிக்கப்பட்ட இடத்தில் பொருள்களுக்காக அழுவது தகாது என்பர். உண்மையே. ஆயினும் அந்த வீடுகளில் என்ன எரிந்தது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். அரக்குத் தட்டு தீயில் எளிதில் உருகிவிடும். தந்தை வாங்கி, மகன் துடைத்துவைத்து, எந்தப் பாட்டு எந்த உறையில் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்த சேர்க்கைகள் ஓரிரவில் கரியாயின. அயலவனை ஒளித்துவைத்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் அன்று இருந்தார்கள். காக்க முடிந்தது உயிரை, குறிப்பேட்டை அன்று.

இன்று பாட்டு கைத்தொலைபேசியில் இருக்கிறது. அபிப்பிராயமும் ஒரு நொடியில் உலகைச் சுற்றி வருகிறது. இதைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் பழைய நேயனின் அபிப்பிராயம் எங்கே போயிற்று என்று கேட்பது நம் கடமை. 1967ஆம் ஆண்டில் கூட்டுத்தாபனமாகிய இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியம் ஆசியாவின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றெனப் போற்றப்படுகிறது. பாடியவர்களின் குரல் அங்கே இருக்கிறது. கேட்டவர்களின் குரலோ, தபாலட்டைகளோடு சேர்ந்து பழைய கடதாசிக்காரனின் தராசில் ஏறியிருக்க வேண்டும்.

எல்லாம் போய்விடவில்லை. தெமட்டகொடைச் சூழலில் வளர்ந்து, நேயர்களையே ஒலிவாங்கியின் முன் பாட அழைத்த 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியால் பெயர்பெற்ற பி. எச். அப்துல் ஹமீது, தம் நினைவுகளை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்ற நூலாகத் தந்திருக்கிறார். ஒலிபரப்பியவர் எழுதிவிட்டார். இனிக் கேட்டவர்கள் பேச வேண்டும். எழுபதும் எண்பதும் வயதான நேயர்கள் நம் ஒழுங்கைகளிலும் மலையகத்து லயன்களிலும் தமிழகத்துக் கிராமங்களிலும் புலம்பெயர்ந்த நகரங்களிலும் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாட்டுக்கு எழுதினார்கள், ஏன் எழுதினார்கள், யாரோடு வாதாடினார்கள், பெயர் வாசிக்கப்பட்ட நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலைக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஒவ்வொரு வாசிகசாலையும், ஒவ்வொரு பாடசாலைத் தமிழ் மன்றமும் இதைச் செய்யலாம். சிங்கள நேயர்களிடமும் அவ்வாறே சென்று கேட்க வேண்டும். ஒரே சலூனில் இருந்தவர்களின் கதையை இரண்டாகக் கிழித்து எழுதலாகாது.

அப்படி எழுதப்படும் வரலாற்றில், கரி படிந்த கையோடு வேலையிலிருந்து திரும்பி, விளக்கின் அருகே அமர்ந்து, தனக்குப் பிடித்த பாட்டின் பெயரைத் தபாலட்டையில் எழுதிய தெமட்டகொடைத் தொழிலாளிக்கும் ஒரு பக்கம் இருத்தல் வேண்டும். காலம் கடந்துகொண்டிருக்கிறது. அந்த வேலையை நாம் இனியும் பின்போடாதிருப்போமாக.